ஷாம்பெயினை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? ரான்ஸ் ஒயின் கடையிலிருந்து சில அனுபவங்கள்

பிரான்சில் ரான்ஸ் நகரத்தில் ஒரு ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். பாரிசிலிருந்து வேக ரயிலில் முக்கால் மணி நேரம். ஊருக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் சுண்ணாம்புக்கல் நிலவறைகள், ஊருக்கு வெளியே வந்தால் திராட்சைத் தோட்டங்கள். ஷாம்பெயின்தான் இந்த வட்டாரத்தின் பிழைப்பு. கடைக்கு வருபவர்கள் விலையைக் கேட்ட கையோடு அடுத்ததாகக் கேட்பது, "இதை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?" என்பதுதான். பாரிஸ் பக்கத்துத் தமிழர்களும் கேட்கிறார்கள். பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் பரிசாக வந்த பாட்டிலைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "இது பழசாகப் பழசாகத்தானே ருசி கூடும்?" என்று விசாரிப்பார்கள்.

கடையில் விற்கும் பெரும்பாலான பாட்டில்களுக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. காரணம் தெரிய வேண்டுமென்றால் ஷாம்பெயின் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் நுரையில்லாத, நல்ல புளிப்பான வெள்ளை ஒயினைத் தயாரிக்கிறார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து பாட்டிலில் அடைத்து, சோடா பாட்டிலுக்குப் போடுவது மாதிரியான உலோக மூடி போட்டு நிலவறையில் படுக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும். மூடிய பாட்டிலுக்குள் அது போக இடமில்லாமல் ஒயினிலேயே கரைந்து, 6 வளிமண்டல அழுத்தம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வேலை முடிந்ததும் ஈஸ்ட் செத்து மண்டியாக அடியில் படியும். ஷாம்பெயினின் ருசி பெரும்பாலும் இந்த மண்டியில்தான் பிறக்கிறது. செத்த ஈஸ்ட் மெல்லச் சிதைந்து, பேக்கரி வாசலில் நிற்கும்போது வருமே, அந்த ரொட்டி வாசனையை ஒயினுக்குக் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் அதுவே உறிஞ்சிக்கொள்வதால், மண்டியோடு இருக்கும் வரை ஒயின் சுலபத்தில் மூப்படையாது.

சாதாரண ஷாம்பெயின் பாட்டிலில் அடைத்த பிறகு குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருந்தே ஆக வேண்டும். அதில் 12 மாதமாவது மண்டியோடு. இது சட்டம். ஒரே வருடத்து அறுவடையில் செய்து அந்த வருடத்தை லேபிளில் போடும் மில்லேசிம் வகைக்கு 3 வருடம். நடைமுறையில் நல்ல தயாரிப்பாளர்கள் இதைவிட அதிக காலம் வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் கடையில் வாங்கும் பாட்டிலுக்கு வேண்டிய காத்திருப்பை ஒருவர் ஏற்கெனவே உங்களுக்காகக் காத்து முடித்துவிட்டார். அலமாரியில் இருக்கிறது என்றாலே திறக்கத் தயார் என்றுதான் அர்த்தம்.

விற்பனைக்குப் போகுமுன் மண்டியை வெளியேற்ற வேண்டும். பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உறைந்த மண்டிக் கட்டி அழுத்தத்தில் வெளியே பாயும். குறைந்த இடத்தை இனிப்புக் கலந்த ஒயினால் நிரப்பி கார்க் போடுவார்கள். இதற்கு தெகோர்ஜ்மான் என்று பெயர். இந்த வட்டாரத்தில் ஒயினோடு புழங்குபவர்கள் பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது இந்தத் தேதியைத்தான். மண்டி என்ற காவல் போய்விட்டது, கார்க் வழியாக ஆக்சிஜன் மிக மிக மெல்ல உள்ளே வருகிறது, வாயு வெளியே கசிகிறது. ஒயினின் வயது உண்மையில் நகரத் தொடங்குவது அன்றிலிருந்துதான். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பது போலப் பின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'தெகோர்ஜே' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மாதமும் வருடமும் இருந்தால், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. புரூனோ பையார் என்ற ரான்ஸ் நிறுவனம் 1983 முதல் இதை அச்சிட்டு வருகிறது. ரான்ஸின் இன்னொரு நிறுவனமான க்ருக்கின் பாட்டிலில் ஒரு எண் இருக்கும். அதை அவர்கள் இணையதளத்தில் போட்டால் விவரம் வரும். சிறு விவசாயிகள் பலரும் இப்போது போடுகிறார்கள். போடாத பெரிய பெயர்களும் உண்டு. நுகர்வோருக்கு இவ்வளவு உபயோகமான ஒரு வரியை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை கோபம்தான்.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதை நாக்கிலேயே உணர்ந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒரு சிறு விவசாயியிடமிருந்து, ஒரே நாளில் தெகோர்ஜ்மான் ஆன சாதாரண ப்ரூட் (இனிப்பு குறைந்த ஷாம்பெயின்) ஒரு பெட்டி எடுத்துக் கடையின் நிலவறையில் வைத்து, அவ்வப்போது ஒன்றைத் திறந்து பார்த்தோம். தொடக்கத்தில் புளிப்பு ஒரு பக்கம், பிறகு சேர்த்த இனிப்பு ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் நின்றன. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், நாக்கைக் குத்தும் நுரை. ஒரு வருடம் ஆனதும் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வழுவழுப்பாகிவிட்டது. என் ரசனைக்கு அதுதான் அந்த ஒயினின் நல்ல காலம். மூன்றாம் வருடம் வாட்டிய ரொட்டி, வறுத்த பாதாம் வாசனை வந்தது. அதுவும் அருமைதான், ஆனால் பழத்தின் துள்ளல் குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு திறந்தவற்றில் நறுக்கி வைத்து நிறம் மாறிய ஆப்பிளின் வாசனை தலைதூக்கியது. அவ்வளவு நல்ல நிலவறையிலேயே ஒரு சாதாரண ப்ரூட்டின் கதை இதுதான். அதனால் வருடம் போடாத சாதாரண ஷாம்பெயினை வாங்கி இரண்டு, மூன்று வருடத்துக்குள் திறந்துவிடுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன். வீட்டில் நிலவறை இல்லையென்றால் ஒரு வருடமே போதும்.

பாரிஸ் புறநகரான லா கூர்னவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் போன வருடம் கூப்பிட்டார். "தம்பி, எங்கட கலியாணத்துக்கு வந்த போத்தில் ஒன்று இருக்கு. மகளுக்கே பத்து வயசாகுது. இப்ப விலை கூடியிருக்குமோ?" படத்தைப் பார்த்தேன். நல்ல பெயருள்ள, வருடம் போடாத ப்ரூட். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சமையலறையில், அடுப்புக்கு மேல் அலமாரியில். "விலை கூடாது அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுங்கள், அத்தானோடு குடியுங்கள்" என்றேன். திறந்தபோது சத்தமே வரவில்லையாம், நுரை பேருக்குத்தான் இருந்ததாம். கேட்கவே கஷ்டமாக இருந்தது. குளிரில் கொடி வெட்டி, செப்டம்பரில் கையால் கொத்துக் கொத்தாகப் பறித்து, வருடக்கணக்கில் நிலவறையில் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒன்று, அடுப்பு வெக்கையில் வீணாகப் போயிருக்கிறது.

ஷாம்பெயின் அல்லாத மற்ற ஸ்பார்க்லிங் (நுரைக்கும்) ஒயின்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் நுரை ஏற்றப்படுவது. பேரிக்காய், வெள்ளைப் பூ மாதிரியான அதன் புது வாசனைக்காகத்தான் அதை வாங்குகிறோம், எனவே வாங்கிய வருடத்திலேயே குடித்துவிட வேண்டும். இனிப்பான மொஸ்காட்டோ தாஸ்திக்கு அந்த அவகாசம்கூட வேண்டாம். ஸ்பெயினின் சாதாரண காவாவும் பிரான்சின் கிரெமானும் 9 மாதம் மண்டியோடு இருந்து வருபவை. ஓரிரு வருடம் தாங்கும். நீண்ட காலம் மண்டியோடு இருந்த கிரான் ரெசர்வா காவாவும் இத்தாலியின் பிராஞ்சகோர்த்தா ரிசர்வாவும் வேறு ரகம். நல்ல மில்லேசிம் ஷாம்பெயினை நடத்துவது போல அவற்றை நடத்தலாம்.

சரி, வைத்திருக்கத் தகுந்த ஷாம்பெயின் எது? புளிப்பும் சாரமும் சேர்ந்து திடமாக இருப்பது. 2008 அறுவடை அப்படிப்பட்டது. குளுமையான கோடை, மெதுவாகப் பழுத்த திராட்சை, கத்தி போன்ற புளிப்பு. நல்ல தயாரிப்பாளரின் 2008 இப்போது திறந்தாலும் பிரமாதம், இன்னும் பல வருடம் விட்டாலும் ஒன்றும் ஆகாது. 1996, 2002, 2012 என்ற வருடங்களையும் இங்குள்ளவர்கள் மரியாதையோடுதான் சொல்வார்கள். பொதுவாக நல்ல மில்லேசிம் பாட்டிலை வாங்கிய பிறகு ஐந்திலிருந்து பத்து வருடம் தைரியமாக வைக்கலாம். மாக்னம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றரை லிட்டர் ஒயின், ஆனால் கழுத்து ஏறக்குறைய அதே அளவுதான். உள்ளே வரும் ஆக்சிஜன் இரண்டு மடங்கு ஒயினுக்குப் பங்காவதால் மூப்பு மெதுவாக வரும்.

குழந்தை பிறந்த வருடத்து பாட்டில் ஒன்று வேண்டும் என்று கேட்கும் அப்பாக்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். பிறந்த அடுத்த வருடமே கடையில் தேடினால் கிடைக்காது. 3 வருடமாவது ஆகும், பெரிய பெயர்கள் 6, 7 வருடம் கழித்துத்தான் வெளியே விடுவார்கள். எல்லா வருடமும் எல்லோரும் மில்லேசிம் செய்வதும் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்போது தேடத் தொடங்குங்கள், ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஒன்றைத்தான் திறப்பீர்கள். மற்ற இரண்டில் ஒன்றை முன்னதாகவே திறந்து பார்த்தால், அடுத்ததை இன்னும் வைக்கலாமா கூடாதா என்று அதுவே சொல்லிவிடும்.

பழைய ஷாம்பெயின் எல்லோருக்கும் பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு வயதான அம்மா, கணவர் வாங்கி வைத்துவிட்டுப் போன 1996 பாட்டில் ஒன்றைத் திறந்து தரச் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டார். வீட்டுக்கு அடியிலேயே சுண்ணாம்புக்கல் நிலவறை. கம்பியைப் பிரித்ததும் கார்க் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைக்கு வந்துவிட்டது. புது ஷாம்பெயின் கார்க்கைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 31 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருளையை 18 மில்லிமீட்டர் வாய்க்குள் திணித்திருப்பார்கள், அதனால் வெளியே வந்ததும் அடிப்பக்கம் பாவாடை போல விரியும். இந்தக் கார்க் விரியவே இல்லை. முளைக்குச்சி மாதிரி நேராக, இறுகி, அடிப்பக்கம் பழுப்பேறிப் பளபளவென்று இருந்தது. கார்க்கின் வில்தன்மை தீர்ந்து பல வருடமாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. இது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, ஆனால் நுரை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஊற்றியபோது தங்க நிறம். ஊசி முனையளவு குமிழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறின. தேன், வறுத்த ஹேசல் கொட்டை, காபி, மழைக்குப் பின் காட்டில் வரும் காளான் வாசனை. இத்தனைக்கும் அடியில் 1996-இன் புளிப்பு அப்படியே நிமிர்ந்து நின்றது. என் வாழ்நாளில் மறக்க முடியாத கிளாஸ் அது. பக்கத்தில் இருந்த அவருடைய பேரன் ஒரு வாய் குடித்துவிட்டு, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஷாம்பெயின் என்றால் துள்ளும் நுரையும் பழ வாசனையும் என்று பழகிய நாக்குக்கு இது வேறு பானம். உங்களுக்கும் அந்தத் துள்ளல்தான் பிடிக்கும் என்றால், எவ்வளவு விலை உயர்ந்த மில்லேசிமாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால், பழைய பாட்டில்களை கிளாஸ் கணக்கில் ஊற்றித் தரும் ஒயின் பார்களில் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எத்தனை வருடம் என்பதைவிட எங்கே என்பது பெரிய கேள்வி. ரான்ஸின் நிலவறைகள் சில, பல நூற்றாண்டுகளுக்கு முன் கல் வெட்டிய குழிகள். கோடையிலும் குளிர்காலத்திலும் 10 முதல் 12 டிகிரி, நல்ல ஈரம், இருட்டு. 2010-இல் பால்டிக் கடலில், பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே சுமார் 50 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல் சிதைவிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்களை முக்குளிப்பவர்கள் எடுத்தார்கள். வ்வ் க்ளிக்கோ, எய்ட்சிக், ஜுக்லார் என்று மூன்று பெயர்கள். சுமார் 170 வருடம் கடலடியில் கிடந்தவை. ரான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு அவற்றில் சிலவற்றைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டது. லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை. இன்றைய ப்ரூட்டில் 12 கிராமுக்குக் கீழேதான். நுரை ஏறக்குறைய போய்விட்டது, திறந்ததும் பாலாடைக்கட்டியும் ஈர முடியும் போன்ற நாற்றம், ஆனால் கிளாசில் சுழற்றச் சுழற்றப் பூவும் புகையும் தோலும் கலந்த வாசனை வந்திருக்கிறது. அத்தனை காலம் அவற்றைக் காப்பாற்றியது 2 முதல் 4 டிகிரிக் குளிரும் கும்மிருட்டும்தான்.

வெளிச்சம் ஷாம்பெயினுக்கு எவ்வளவு பெரிய எதிரி என்று நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஹாலில் கண்ணாடி ஷோகேஸ், உள்ளே பளிச்சென்று லைட், நடுவில் பரிசாக வந்த ரோஸே (இளஞ்சிவப்பு) ஷாம்பெயின். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அப்படி நீண்ட நாள் நின்ற பாட்டிலைத் திறந்தபோது, முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீரின் வாடை அடித்தது. ஒயினில் இருக்கும் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் வெளிச்சத்தை வாங்கி, கந்தகச் சேர்மங்களை உண்டாக்குவதால் வருவது அது. இதைச் சரிசெய்ய வழியே இல்லை. நிறமில்லாத கண்ணாடி பாட்டில்தான் மிக மோசம். வெயிலில் ஒரு மணி நேரம்கூட அதிகம். பச்சைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், பழுப்புக் கண்ணாடி நன்றாகத் தடுக்கும். ரஷ்ய ஜார் மன்னருக்காக 1876-இல் தெளிந்த கண்ணாடியில் உருவான கிரிஸ்டால் ஷாம்பெயின் இன்றும் மஞ்சள் செலோபேன் சுற்றியே வருகிறது. திறக்கும் வரை அதைப் பிரிக்காதீர்கள். மற்ற பாட்டில்களையும் வந்த அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு என் யோசனை, படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு. வெயில் படாத சுவர் பக்கம், ஹீட்டரிலிருந்து தள்ளி. பாட்டிலைப் படுக்க வைப்பதா நிறுத்துவதா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் கார்க்குக்குக் கீழே உள்ள காற்றே ஈரமாகத்தான் இருக்கும். சில மாதங்களுக்கு நிறுத்தினாலும் பரவாயில்லை, வருடக்கணக்கு என்றால் படுக்க வையுங்கள்.

புதுச்சேரியில் என் சித்தி வீட்டுக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் பாட்டில் கொண்டுபோவேன். இந்தியாவுக்குள் ஒருவருக்கு 2 லிட்டர் மதுபானம்தான் வரியில்லாமல் அனுமதி, அதனால் முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. அந்த வெக்கையில் ஷாம்பெயினை வெளியே வைத்தால் ஒரு கோடையிலேயே சோர்ந்துவிடும். "சித்தி, பிரிட்ஜில் அடித்தட்டில் படுக்க வையுங்க, தீபாவளி வரைக்கும் தாங்கும், பொங்கல் வரைக்கும் இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். பிரிட்ஜ் சில மாதங்களுக்குச் சரி. அதன் வறட்சியும் அதிர்வும் வருடக்கணக்கில் வைத்திருப்பதற்கு ஆகாது. நாசிக்கில் சுலா நிறுவனம் செய்யும் ஸ்பார்க்லிங் ஒயின் நம் ஊர்க் கடைகளில் கிடைத்தால், அதையும் வெயிலில் நிற்காத அட்டையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, அந்த மாதமே திறப்பது நல்லது.

திறக்கும் நாள் வந்துவிட்டால், பாதி ஐஸ் பாதி தண்ணீர் ஊற்றிய வாளியில் அரை மணி நேரம். பிரிட்ஜில் என்றால் 3, 4 மணி நேரம். பிரீசர் வேண்டவே வேண்டாம். புது ப்ரூட்டுக்கு 8 முதல் 10 டிகிரி, பழைய மில்லேசிமுக்கு 12 வரை போகலாம்; ரொம்பக் குளிர்ந்தால் அந்தத் தேனும் கொட்டை வாசனையும் வெளியே வராது. கிளாசும் ஒல்லியான புல்லாங்குழல் வடிவம் வேண்டாம், வெள்ளை ஒயின் கிளாசே போதும். கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டை விரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். 6 வளிமண்டல அழுத்தத்தில் பாயும் கார்க் கண்ணைப் பறிக்கக்கூடியது. கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள், மெல்லிய பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தால் போதும்.

மீந்துபோனால், கழுத்தில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்று பிரெஞ்சுக்காரர்களே நம்புகிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. இரண்டு பக்கமும் இறுகப் பிடிக்கும் ஷாம்பெயின் மூடி ஐந்தாறு யூரோவுக்குக் கிடைக்கும். அதைப் போட்டு பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் மட்டுமல்ல, அதற்கு அடுத்த நாளும் நன்றாகவே இருக்கும். சில புளிப்பான புது ப்ரூட்கள் இரண்டாம் நாள் கொஞ்சம் இளகி, முதல் நாளைவிட எனக்குப் பிடித்துப்போனதும் உண்டு.